கூடல் நகரில் எட்டரை மணி ஆராதனை

இந்த வாரமும் குணசீலன் வந்திருக்கிறான்.
எனக்கு முன் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே,
அதே சந்தன நிறச் சட்டை.
அவன் பிடரியில் ஒரு மச்சம்.
பதினோரு மாதமாக அதைப் பார்த்துத்தான்
நான் ஜெபிக்கிறேன்.

இரண்டடி இடம்.
அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில்
சாக்கடை போகிற இரண்டடி.
வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வேப்பமரத்தடியில்
ஆளுக்கொரு பக்கம் முதுகு காட்டி நிற்போம்.
இங்கே அவன் மட்டும்தான் முதுகு காட்டுகிறான்.

வராமல் இருந்தும் பார்த்தேன், மூன்று ஞாயிறு.
கைப்பேசியில் ஏதோ ஒரு பெரிய ஆலயத்தின் ஆராதனை.
இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஆமென் சொன்னேன்.
பிரசங்கம் எங்கள் ஐயர் செய்வதைவிட நன்றாகவே இருந்தது,
வேண்டுமானால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.
ஆனால் ‘எங்கள்’ என்று தொடங்கும் இடத்தில்
நாக்கு நின்றுவிட்டது.
அறையில் நான், ஒரு பீரோ,
அடுப்படியில் ஓடும் கிரைண்டர்.
எங்கள் என்றால் யார் யார்?
‘என்’ என்று மாற்றிப் பார்த்தேன்.
ஜெபம் மனுவாகிவிட்டது,
வில்லை ஒட்டாததுதான் குறை.

நம் மொழிக்கு இரண்டு பன்மை.
நாம் என்றால் கேட்பவரும் உள்ளே.
நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே.
ஆண்டவரிடம் ‘நாங்கள்’ என்றுதான் பேசுகிறோம்.
அவர் அந்தப் பக்கம்,
மிச்சப்பேர் எல்லாரும் இந்தப் பக்கம்.
இந்தப் பக்கத்துக்குள் சுவர் எழுப்ப
இலக்கணம் இரண்டடிகூட விடவில்லை.
நானும் அவனும் ஒரே சொல்லுக்குள்
மினி பஸ்ஸில் போலத் தோள் இடித்து நிற்கிறோம்.

ரூபவதி டீச்சர் ஒரு கட்டை மேலே எடுத்துவிடுவார்,
சபையே மூச்சிரைக்க அவர் பின்னால் ஏற வேண்டும்.
இரவுக் காவல் முடித்து நேராக வந்த செல்லையா
சீருடையோடு தூங்குகிறார்.
யாரும் எழுப்புவதில்லை,
ஆமென் மட்டும் அவர் வாயில் தானாக வந்துவிடுகிறது.
போன மாதம் கணவனைப் புதைத்த எப்சிபா
பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறாள், பாடவில்லை.
அவள் பங்கையும் சேர்த்துப் பாடுகிறார்கள்.
போன வருடம் எனக்கும் அப்படி யாரோ பாடியிருப்பார்கள்.
அதில் குணசீலன் குரலும் இருந்திருக்கும்.
இதை நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஜெபத்தின் நடுவில் சரக்கு ரயில் வந்தது.
தகரக் கூரை அதிர்ந்தது,
பலிபீடத்தில் மெழுகுவர்த்தித் தண்டு நடுங்கியது.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
யாரும் நிறுத்தவில்லை.
முன்னால் குணசீலனின் தாடை அசைவது மட்டும்
காதோரமாகத் தெரிந்தது.
நாற்பது பெட்டியாவது இருக்கும்.
கடைசிப் பெட்டி போனதும்
சத்தம் வடிந்த இடத்தில்
அத்தனை பேரும் ஒரே சொல்லில் நின்றிருந்தோம்.
அந்தச் சொல் ‘மன்னியும்’ என்று இருந்திருந்தால்
சாட்சி சொல்ல நன்றாயிருக்கும்.
இல்லை. ‘ஆகாரத்தை.’
எல்லாருக்கும் பசிக்கிற நேரம்தான்.

வெளியே, செருப்புக் குவியலில்
என் வலது கால் செருப்பு அவனுடையதன் மேல் கிடந்தது.
குனிந்து எடுத்துத் தள்ளி வைத்தான், கையால்.
‘பதினெட்டாம் தேதி வக்கீல்கள் ஸ்டிரைக்காம்’ என்றான்,
என்னைப் பார்க்காமல், வண்டிச் சாவியைப் பார்த்து.
‘நாம போக வேண்டியதில்ல.’
‘சரி’ என்றேன்.
பதினோரு மாதத்தில் பேசியது அவ்வளவுதான்.
வழக்கு இருக்கிறது. சாக்கடையும் இருக்கிறது.

ரயில்வே கேட் மூடியிருந்தது.
வண்டியை அணைத்துவிட்டு வெயிலில் நின்றபோதுதான்
அவன் எந்தப் பன்மையில் பேசினான் என்பது
உறைத்தது.